ஏழைப் பெண் என்றால் கடைசி ரீலில் செத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: 12 நவம்பர் 2024

டெல்லி கணேஷ் காலமானதும் எல்லோரும் அவருடைய நகைச்சுவைக் காட்சிகளைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நான் அவர் நடித்த 'பசி' (1979) படத்தைத் தேடிப் பார்த்தேன். சைக்கிள் ரிக்‌ஷாக்காரராக வருகிறார், பிரமாதம். ஆனால் படம் முடிந்ததும் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. ஏழைப் பெண்ணைப் பற்றிப் படம் எடுத்தால் அவளை ஒருவன் ஏமாற்ற வேண்டும், இல்லையென்றால் நோய் வர வேண்டும், புத்தி பேதலிக்க வேண்டும், சாக வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா? நல்ல படம் என்று பெயர் வாங்கியவை எல்லாமே இப்படித்தானே இருக்கின்றன?

12 நவம்பர், இரவு 11.40

சட்டம் இருக்கிறது, எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். 'அரங்கேற்றம்' (1973) லலிதாவுக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ரித்விக் கட்டக்கின் 'மேகே டாகா தாரா' (1960) நீத்தா காசநோயில் சாகிறாள். ஆக்னஸ் வர்தா 1985-ல் எடுத்த பிரெஞ்சுப் படம் ஒன்று, மோனா என்ற நாடோடிப் பெண் குளிரில் விறைத்து ஒரு பள்ளத்தில் பிணமாகக் கிடப்பதில்தான் ஆரம்பமே ஆகிறது. வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது வாங்கிய படம். செத்தால்தான் விருது என்று சொல்ல வரவில்லை. சொன்னாலும் தப்பில்லை போலிருக்கிறது.

ஆனால் 'பசி'யை அந்த வரிசையில் தூக்கிப் போடாதீர்கள். அதில் கதையை விடுங்கள். நாயகி குப்பம்மாவை ஏமாற்றும் லாரிக்காரன், அவனுக்கு ஏற்கெனவே மனைவி, இதெல்லாம் எத்தனையோ தடவை பார்த்த சமாச்சாரம். நான் பார்ப்பது குப்பம்மா காகிதம் பொறுக்கும் விதத்தை. குப்பம்மாவாக நடித்த ஷோபாவின் தோள், நடை, பேச்சு எல்லாம் அந்த வேலைக்குப் பழகியதாக இருக்கும். சிறந்த நடிகைக்கான தேசிய விருது அதற்கு வந்தது. 1980 மே மாதம் அவர் இறந்தபோது வயது 17. 'பசி' பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடும், அப்புறம் படத்தைப் பற்றி ஒழுங்காகப் பேச முடியாது. நாளைக்கு எழுதுகிறேன்.

13 நவம்பர்

என் அம்மா பீடி சுற்றியவர். தென்காசிப் பக்கம் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டுத் திண்ணையிலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இனி சொல்லப்போவது எங்கிருந்து வருகிறது என்று தெரியட்டும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது, எதிர்வீட்டு டிவியில் 'அவள் ஒரு தொடர்கதை' போட்டார்கள். சுஜாதா கவிதாவாக வந்து ஒரு வீட்டையே தூக்கிச் சுமக்கும் படம், 1974. அப்பா துறவறம் போய்விட்டார், அண்ணன் குடிகாரன், விதவைத் தங்கை, பார்வையில்லாத தம்பி. தெருவே அழுதது. அம்மா அழவில்லை. விரல் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் முடிந்ததும் சொன்னாள்: "எல்லாத்தையும் கொண்டுவந்து கொட்டுதா பாரு. எந்தப் பொம்பள முழுசா குடுப்பா?"

அப்போது எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு ரசனையே இல்லை என்று நினைத்தேன். அர்த்தம் புரிய ஏழெட்டு வருடம் ஆனது. அம்மா பக்கத்து வீட்டு அக்காவின் பாஸ் புத்தகத்தில் தனியாகக் கொஞ்சம் பீடி போட்டுக்கொண்டிருந்தாள். அதாவது வீட்டுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று, தெரியாத கணக்கு ஒன்று. தெரியாத கணக்கு ஒரு சீட்டுக்குப் போனது. பத்தாவதோடு நிறுத்து என்று அப்பா சொன்ன வருடம் அந்தச் சீட்டை எடுத்துத்தான் என்னைப் பதினொன்றில் சேர்த்தாள். "அண்ணன் கொடுத்தார்" என்று அப்பாவிடம் சொன்னாள். என் மாமா வாழ்நாளில் யாருக்கும் பத்து ரூபாய் கொடுத்தவர் இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும்.

சினிமாவில் வரும் ஏழைப் பெண்ணிடம் ரகசியமே இருப்பதில்லை. இருந்தாலும் அது காதலாக இருக்கும், இல்லையென்றால் கர்ப்பமாக இருக்கும். பணமாக இருக்கவே இருக்காது. என் வாதம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

13 நவம்பர், அரை மணி கழித்து

திருத்தம். நீத்தா சாகிறாள் என்று நேற்று எழுதிவிட்டேன். இப்போது கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் சாவது படத்தில் இல்லை! ஷில்லாங் மருத்துவமனையில் அண்ணனிடம் "நான் வாழணும்னு ஆசைப்பட்டேன் அண்ணா" என்று கதறுகிறாள், மலை அதை வாங்கித் திருப்பிச் சொல்கிறது. அதற்குப் பிறகு கட்டக் நம்மைப் பழைய தெருவுக்குக் கூட்டிவந்துவிடுகிறார். வேறொரு பெண் நடந்து போகிறாள், செருப்பு வார் அறுகிறது, சிரித்துவிட்டு நடக்கிறாள். படம் ஆரம்பத்தில் வார் அறுந்தது நீத்தாவுக்கு.

இத்தனை வருடமாக நான் அவளைச் செத்தவளாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சாகடித்தது கட்டக் இல்லை, நான்தான். கேள்வி கேட்டவர் என் முதல் பதிலில் பாதியை அடித்துவிடலாம்.

16 நவம்பர்

"பீடி சுற்றுபவர்களுக்குக் கட்டக் படம் புரியுமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறார். புரிந்தது ஐயா. நானே போட்டுக் காட்டியிருக்கிறேன்.

2003 என்று நினைவு. ஊரில் இரவுப் பாடசாலை நடத்திய நண்பர்கள் ஒரு புரொஜக்டரை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். சுவரில் வேட்டி கட்டி 'மேகே டாகா தாரா'. வங்காளப் பேச்சு, ஆங்கில சப்டைட்டில், பக்கத்தில் மைக்கோடு நான். ஓடஓட மொழிபெயர்த்தேன். பாதிக்கு மேல் நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை, அவர்களே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நீத்தாவுக்குச் சம்பளம் வந்த அன்று வீட்டில் ஆளுக்கு ஒன்று கேட்கும்போதே ஒரு சித்தி எழுந்து நின்று, "செருப்ப முதல்ல வாங்குட்டி" என்று சத்தம் போட்டார். நீத்தா காதலித்த சனத் அவள் தங்கையின் பக்கம் சாய்ந்ததும், "நான் அப்பமே சொன்னம்லா" என்று நாலு பேர். சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது. உலக சினிமா ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் சீரியல் பார்ப்பதுபோல் பார்க்கிறார்களே என்று.

அப்புறம் அந்தப் பாட்டு. நீத்தாவும் அண்ணனும் இருட்டில் தாகூர் பாட்டைப் பாடுவார்கள். முடியும் இடத்தில் சவுக்கு விளாசும் சத்தம் வரும். திரையில் சவுக்கு கிடையாது, சத்தம் மட்டும். சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு அடிக்கா?" என்று ஒரு குரல். நான் மைக்கில், "யாரும் அடிக்கவில்லை, அது ஒரு குறியீடு" என்றேன். (என்னை மன்னித்துவிடுங்கள், அப்போது 28 வயது.) பின்னாலிருந்து ஒரு பாட்டி சொன்னார்: "அந்த ஆத்தாதான் அடிக்கா."

சரியாகப் பிடித்தார். மகள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் வருமானம் போய்விடுமே என்று பயப்படுபவள் அந்தப் படத்தில் நீத்தாவின் அம்மா. அவளும் கெட்டவள் இல்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து கல்கத்தா ஓரத்தில் ஒரு காலனியில் அடுப்பு ஊதுகிறவள், உலையில் போட அரிசி வேண்டும். ஏழை வீட்டில் ஒருத்தியை யார் நசுக்குகிறார்கள் என்று கேட்டால் சமூகம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தப் பாட்டி அப்படி விடவில்லை. ஒரு ஆளைக் கைகாட்டினார்.

17 நவம்பர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு தோழி போன் செய்தாள். "நீ ரகசியப் பணம், கணக்கு என்கிறாய், ஆனால் உன்னை உலுக்கியது ஒரு சவுக்குச் சத்தம்தானே? கணக்கா அழவைத்தது?"

இல்லைதான். ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

17 நவம்பர், மாலை

யோசித்தேன். நம் படங்களில் இரண்டு வறுமை இருக்கிறது. ஒன்று விழுந்த வறுமை, இன்னொன்று பிறந்த வறுமை. நீத்தா வாத்தியார் மகள். லலிதா புரோகிதர் வீட்டுப் பெண். கவிதா ஆபீஸ் போகும் பெண், நல்ல சேலை கட்டுகிறாள். இவர்களுக்கு முன்னால் ஒரு நல்ல காலம் இருந்தது, அல்லது இருந்திருக்க வேண்டியது. விழுவதற்கு ஒரு உயரம் இருக்கிறது, அதனால் விழும்போது சத்தம் கேட்கிறது. கட்டக்கின் சவுக்கு அந்தச் சத்தம்தான்.

குப்பம்மாவுக்கு எங்கிருந்து விழ? அவள் பிறந்ததே கூவம் மட்டத்தில். அதனால்தான் அவள் கதைக்கு ஒரு லாரிக்காரன் தேவைப்பட்டான் என்று நினைக்கிறேன். வறுமை மட்டும் போதவில்லை, 'கெட்டுப்போவது' என்ற ஒரு பள்ளத்தை வெட்டித்தான் அவளை விழ வைக்க முடிந்தது. பசியே இல்லாத நாங்கள் பார்த்துப் பதற, கற்பு வேண்டியிருந்தது. படத்தின் பெயர் என்னவோ 'பசி'.

முதல் நாள் கேள்வி கேட்டவரே, உங்கள் எரிச்சல் நியாயம்தான். நான்தான் ஷோபா மேலிருந்த பாசத்தில் சப்பைக்கட்டு கட்டினேன்.

18 நவம்பர்

இல்லை, சீட்டுப் பணத்தை அம்மா எங்கே ஒளித்து வைத்தாள் என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் அரிசிப் பானையா, அஞ்சறைப் பெட்டியா என்று வாக்கெடுப்பே ஆரம்பித்துவிட்டார். அதெல்லாம் சினிமாக்காரர்கள் ஒளித்துவைக்கும் இடம்.

21 நவம்பர்

'மதர் இந்தியா'வை (1957) யாரோ இழுத்துவிட்டார்கள். நர்கீஸ் ஏர் இழுக்கும் படம் போட்ட போஸ்டர் எல்லோருக்கும் தெரியும். தாய், மண், தேசம் என்று அவளைச் சிலையாக்கிய படம், கடைசியில் சொந்த மகனையே சுட்டுவிட்டு நியாயத்தின் பக்கம் நிற்கிறாள். சிலைகளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் அந்தப் படத்தின் ஆரம்பம் முழுக்கக் கணக்குதான், அதை யாரும் சொல்வதில்லை. மாமியார் கல்யாணத்துக்கு வட்டிக்காரரிடம் 500 ரூபாய் வாங்குகிறார். என்ன நிபந்தனையில் வாங்கினோம் என்று பார்க்க அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சாயத்து வட்டிக்காரர் பக்கம் பேசுகிறது. விளைச்சலில் முக்கால் பங்கு வட்டிக்கே போகிறது. மூன்று மணி நேரப் படத்துக்கும் வித்து அந்த ஒரு நோட்டுப் புத்தகம்.

எங்கள் ஊர் பீடிக்கடையிலும் ஒரு நோட்டு இருந்தது. இலையும் தூளும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று கணக்கு. இலை ஓட்டையும் சருகுமாக இருந்தால் ஆயிரம் வராது, குறைகிற இலையை நாம் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். சுற்றிக் கொண்டுபோனால் கணக்கப்பிள்ளை பீடிக் கட்டை உருட்டிப் பார்த்துக் கழிவு என்று கொஞ்சத்தை ஒதுக்குவார். கழித்ததைத் திருப்பித் தரவும் மாட்டார், கூலியும் கிடையாது. அம்மா நாலாவது வரை படித்தவள். அவர் எழுதும்போது தலைகீழாகவே படித்துவிடுவாள், எதிரில் நிற்பவளுக்கு நோட்டு தலைகீழாகத்தானே தெரியும். "ஏழுன்னு எழுதியிருக்கீக அண்ணாச்சி, நீங்க கழிச்சது அஞ்சு கட்டு" என்பாள். குரலை உயர்த்த மாட்டாள், அண்ணாச்சியை விடவும் மாட்டாள். தலைகீழாகப் படிக்கும் ஒரு பெண்ணை எந்தப் படத்திலாவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். 'மதர் இந்தியா' ஆஸ்காருக்குப் போய்த் தோற்றது ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபீரியா'விடம். அதுவும் ஒரு ஏழைப் பெண் கதை. கபீரியா ரோமில் தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளி. ஊருக்கு வெளியே பெட்டி மாதிரி ஒரு சின்ன வீடு, அது அவள் சம்பாதித்துக் கட்டிய சொந்த வீடு, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பீற்றிக்கொள்வாள். ஒருவனை நம்பி வீட்டை விற்றுப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், அவன் அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அதோடு செத்திருக்க வேண்டும், நம் சட்டப்படி. அவளோ காட்டுப்பாதையில் நடந்து வருகிறாள், பையன்களும் பெண்களும் பாடிக்கொண்டு சுற்றி வருகிறார்கள், மை கரைந்த கண்ணோடு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். பீற்றிக்கொள்கிற ஏழைப் பெண்! எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி இருந்தாள். தமிழ்ப் படத்தில் அப்படி ஒருத்தி வந்தால் அவள் காமெடிக்கு.

2 டிசம்பர்

பத்து நாள் காணவில்லை என்று கேட்டவர்களுக்கு: அலுவலகத்தில் ஆண்டுக் கடைசி. பதிலாக ஒரு சங்கடமான நினைவு.

'அங்காடித் தெரு' (2010) பார்த்துவிட்டு நான் விக்கி விக்கி அழுதேன். ரங்கநாதன் தெருத் துணிக்கடை, நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்கள், அஞ்சலி நடித்த கனி. ஆனால் அதே தெருவில் எத்தனை தடவை சேலை எடுத்திருக்கிறேன்! அந்தப் பெண் நாற்பது சேலையை உதறி விரித்துப் போடுவாள், நான் "மனசுக்குப் பிடிக்கல" என்று எழுந்து வந்துவிடுவேன். எழுந்து. அதாவது உட்கார்ந்திருந்தது நான். எனக்கு ஸ்டூல் போட்டதே அவள்தான். படம் பார்க்கும்வரை இது கண்ணில் படவில்லை, பார்த்த பிறகும் முதல் இரண்டு மாதம்தான் பட்டது.

அந்தப் படத்தில் என் குறை என்ன என்று இப்போது சொல்ல முடிகிறது. கடைக்காரனின் கொடுமை போதாதென்று நடைபாதையில் வண்டியை ஏற்றிக் கனியின் கால்களை எடுத்துவிடுகிறார்கள். நின்று நின்று வீணாகும் கால் போதாதா? விபத்துக்கு முதலாளி பொறுப்பில்லையே. அது விதியாகிவிடுகிறது.

கோழிக்கோட்டில் இதே வேலை செய்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கூட்டு என்று அமைப்பாகச் சேர்ந்தார்கள், விஜி என்ற தையல்காரப் பெண் முன்னால் நின்றார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை. 2018-ல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் திருத்தியது, ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று. ஸ்டூல் கேட்டுச் சண்டை போட்டு வாங்கிய பெண்களைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு. பாட்டு வேண்டாம். இருந்தாலும் பரவாயில்லை.

3 டிசம்பர்

"அப்படியென்றால் சினிமாவால் சட்டம் வராதா" என்று கேட்டவருக்கு: பெல்ஜியத்தில் இளைஞர் வேலைவாய்ப்புச் சட்டம் ஒன்றுக்கு 'ரோசெட்டா திட்டம்' என்று ஒரு படத்தின் பெயரே வந்தது. தார்தென் சகோதரர்களின் 'ரோசெட்டா', 1999, கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது. ஆனால் சட்டத்துக்கான வேலை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருந்தது என்று அந்த இயக்குநர்களே சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நேர்மையாக நம் ஆட்கள் சொல்வார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

8 டிசம்பர்

ஊருக்கு வந்திருக்கிறேன். நேற்று இரவு லேப்டாப்பில் அம்மாவுக்கு 'ரோசெட்டா' போட்டேன். இந்தக் கேள்வி-பதிலுக்காக இல்லை, அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

கேரவன் என்கிற வண்டிவீட்டில் குடிகாரத் தாயோடு வாழும் பெண், வயது பதினேழோ பதினெட்டோ. வேலை ஒன்றுதான் வேண்டும் அவளுக்கு. கேமரா அவள் பிடரிக்குப் பின்னாலேயே ஓடும். முதல் கால்மணி நேரம் அம்மா, "இந்தப் படக்காரன் முகத்தக் காட்டவே மாட்டானா" என்று புலம்பினாள். பிறகு ரோசெட்டா நல்ல ஷூவைக் கழற்றி ஒரு குழாய்க்குள் ஒளித்துவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"செருப்பப் பாத்துக்கிடுதா" என்றாள். பிறகு புலம்பல் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரே நண்பன் ரிக்கே. வாஃபிள் என்ற தின்பண்டம் விற்கும் கடையில் வேலை பார்க்கும் அவன், முதலாளிக்குத் தெரியாமல் தன் சொந்த வாஃபிளை விற்கிறான். அவள் அவனைக் காட்டிக்கொடுத்து அவன் வேலையையே வாங்கிக்கொள்கிறாள். நான் படத்தை நிறுத்தி, "இவள் செய்தது சரியா?" என்று கேட்டேன். (ஐம்பதை நெருங்கியும் இரவுப் பாடசாலைப் புத்தி போகவில்லை.) அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏட்டி, நீ படத்தப் போடு" என்றாள்.

கடைசியில் ரோசெட்டா அம்மாவும் தானும் செத்துப்போக காஸைத் திறந்துவிடுகிறாள், காஸ் தீர்ந்துபோகிறது. சாவதற்குக்கூட சிலிண்டர் வாங்க வேண்டும். நிறைந்த சிலிண்டரைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வரும்போது ரிக்கே மொபெட்டில் வந்து சுற்றுகிறான், அவள் கீழே விழுந்து அழுகிறாள், அவன் தூக்கிவிடுகிறான், படம் முடிந்துவிடுகிறது. எத்தனை கட்டுரை படித்திருக்கிறேன் அந்தக் காட்சி பற்றி. மன்னிப்பு, மீட்பு என்றெல்லாம். அம்மாவிடம் அவள் எதற்கு அழுதாள் என்று கேட்டேன்.

"சிலிண்டர் என்ன கனம் கனக்கும் தெரியுமா உனக்கு?"

9 டிசம்பர்

தோழி மறுபடி போன் செய்தாள். "அப்போ சவுக்கை விட்டுவிட்டாயா?" விடவில்லை. இரண்டும் வேண்டும். சவுக்குச் சத்தத்தில் அழுதவர்களும் ஷூவைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தவளும் ஒரே தெருக்காரர்கள்தான். நான் முதலில் போட்ட கோடு ரொம்ப நேர்க்கோடு, அவ்வளவுதான்.

30 டிசம்பர்

கேள்வி கேட்டவர் 'பசி'யின் நல்ல பிரதி கிடைக்குமா என்கிறார். என்னிடம் இருப்பது கோடு கோடாக ஓடுவது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். குப்பை பொறுக்கும் பெண் கதை என்று போனில் சொன்னதும் அம்மா, "அவ கிலோ என்ன வெலைக்குப் போடுதா?" என்று கேட்டாள். படத்தில் அது வருகிறதா என்று எனக்கு நினைவில்லை. அந்த இடத்தைக் கவனித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வாக்கெடுப்பு நடத்தியவருக்கு: சீட்டு யாரிடம் கட்டினாள், பணம் எங்கே இருந்தது என்று இந்தத் தடவை நேராகவே கேட்டுவிட்டேன். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னமும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.